பின் இருக்கையில் ஒரு விடுமுறை

செமஸ்டர் பரீட்சை முடிந்த அன்றைக்கே அப்பா போனில் கேட்டுவிட்டார், லீவில் உருப்படியாக என்ன செய்யப் போகிறாய் என்று. மன்னார்குடியில் உட்கார்ந்தபடி, கோயம்புத்தூர் விடுதியில் இருக்கும் மகளைச் சும்மா இருக்கவிடாமல் செய்வதில் அப்பா கைதேர்ந்தவர். இலவச வகுப்புகளுக்கான இணைப்புகளை வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தார். எக்செல், பேச்சு ஆங்கிலம், தன்னம்பிக்கை. தன்னம்பிக்கைக்கு மட்டும் சர்டிபிகேட் தருவார்களாம்.

அந்த நேரத்தில்தான் என் அறைத்தோழி ரம்யா ஒரு யோசனை சொன்னாள். அவள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் பொள்ளாச்சியில் பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். அவளுடைய அம்மாவுக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் டெஸ்ட் வருகிறது. ஏற்கெனவே இரண்டு தடவை எட்டுப் போடும்போது காலை ஊன்றித் தோற்றுவிட்டார். பழகும்போது லைசென்ஸ் உள்ள ஒருவர் பின்னால் உட்கார வேண்டும். ரம்யாவிடம் லைசென்ஸ் இல்லை. பின்னால் ஏற்றினால் கண்ணை மூடிக்கொண்டு கத்துவாள். அவள் அப்பாவிடம் லைசென்ஸ் உண்டு, பொறுமை கிடையாது. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, பொறுமையும் இருப்பதாக விடுதியில் ஒரு பேச்சு.

"நீ வந்து பின்னாடி உக்காந்தாப் போதும்டி. சோத்தை எங்கம்மா பாத்துக்கும்" என்றாள்.

சோறு என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அப்பாவிடம் பயிற்சி முகாம் என்றேன். சர்டிபிகேட் உண்டா என்று கேட்டார். கடைசியில் ஒன்று கிடைக்கும் என்று சொல்லி வைத்தேன்.

ரம்யா முந்திக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். மறுநாள் பொள்ளாச்சியில் நான் ஏறிய பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. எல்லை தாண்டியது தெரியவே இல்லை. அந்தப் பக்கமும் தென்னை, இந்தப் பக்கமும் தென்னை, பேச்சும் அதே தமிழ். கடைப் பலகைகளில் எழுத்துகள் உருண்டையாக மாறிய பிறகுதான் கேரளா வந்துவிட்டது என்று புரிந்தது. ஒரு திருப்பத்தில் பிடிக்க வேறெதுவும் அகப்படாமல், தலைக்கு மேல் ஓடிய கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். எங்கோ மணி அடித்தது. பஸ் நடுத்தோப்பில் நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் கண்டக்டர் விசில் ஊதுவார். இங்கே கயிற்றை இழுத்து மணி அடிக்கிறார்கள். ஒரு மணி என்றால் நில், இரண்டு என்றால் போ. கண்டக்டர் கூட்டத்துக்குள் புகுந்து வந்து, இறங்கப் போகிறேனா என்று மரியாதையாகவே கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப அது புடிக்கற கயிறில்லீங் அம்மணி" என்று சொல்லிவிட்டு இரண்டு முறை இழுத்தார். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள், "பாவம், புதுசு போலிருக்கிறது. என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்" என்று மலையாளத்தில் தன் மகளிடம் சொன்னார். மீதித் தூரம் முழுக்க அவர் தோளைப் பிடித்தபடிதான் வந்தேன்.

ரம்யாவின் அம்மா பெயர் மரகதம். நல்ல உயரம், வேகமான நடை, பேச்சு மட்டும் நிதானம். என்னைப் பார்த்ததும் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "வா கண்ணு, மொதல்ல சோறுங்கு" என்று தட்டை வைத்துவிட்டார். அரிசிம்பருப்புச் சோறு. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் சோறு தனி, பருப்பு தனி, நெய் தனி, பிசைவது நம் பொறுப்பு. இங்கே அரிசியும் பருப்பும் பூண்டும் ஒரே பாத்திரத்தில் வெந்து, சமாதானமாகி, பிறகுதான் தட்டுக்கு வருகின்றன. மேலே ஒரு கரண்டி நெய். மூன்றாம் தடவை வாங்கும்போதுதான் கொஞ்சம் வெட்கம் வந்தது.

அந்தச் சாப்பாட்டின்போதே விஷயம் எவ்வளவு தீவிரமானது என்று தெரிந்துவிட்டது. ரம்யாவின் அப்பா டெம்போவில் இளநீர் ஏற்றிப் பொள்ளாச்சிக்குப் போகிறவர். காலைப் பாலை அவர் போகும் வழியில் பால் சொசைட்டியில் இறக்கிவிடுவார். மாலைப் பாலுக்குத்தான் ஆள் இல்லை. மரகதம் அம்மா கேனை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டில் யார் வண்டி வருகிறதோ அதன் பின்னால் ஏறிப் போவார். கொழுந்தனார் வண்டி, மில்லுக்குப் போகிறவர் வண்டி, ஒரு நாள் மீன்காரர் வண்டி. அன்றைக்குச் சொசைட்டியில் எல்லோரும் அவரையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். அந்தக் கோபத்தில்தான் சொசைட்டி கொடுக்கும் ஓண போனஸை வருஷா வருஷம் சேர்த்து வைத்து ஸ்கூட்டர் வாங்கினார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுத்துணி எடுக்கிற தமிழ் வீட்டில், வண்டி வந்தது ஓணத்தின் புண்ணியத்தில்.

அந்த வண்டிக்குத்தான் இப்போது ஆபத்து. "இந்தவாட்டியும் காலை ஊனிட்டு வந்தா, வண்டியை என்ற தம்பி பையனுக்குக் குடுத்தர்றேன். அவனாச்சும் ஓட்டட்டும்" என்றார் ரம்யாவின் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தம்பி மகன் ஏற்கெனவே சீட்டுக்கு உறைகூட வாங்கி வைத்துவிட்டதாக ரம்யா பிறகு சொன்னாள். மரகதம் அம்மா எனக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார்.

அன்று மாலையே என் வேலை தொடங்கிவிட்டது. பால் நிறைந்த கேனை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு கால்களுக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். கால்வாய்க் கரையோரமாக வளைந்து போகும் பாதை. மெதுவாக, ஆனால் அலுங்காமல் போனார். இவரையா இரண்டு முறை தோற்கடித்தார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சொசைட்டிக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. அந்த நேரத்தில்தான் பழம்பொரி போடுவார்கள். நேந்திரம்பழத்தை நீளமாகச் சீவி மாவில் தோய்த்து எண்ணெயில் விடும் வாசனை ரோட்டைக் கடந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தது. போய்ச் சாப்பிட்டு வரலாம் என்றேன். மரகதம் அம்மா நகரவில்லை.

"இத்தன வருசமா இந்த வாசத்தைத்தான் பாத்துட்டுப் போறேன் கண்ணு. அடுத்தவங்க வண்டியில வந்துபோட்டு, நிறுத்துங்க, டீ குடிச்சுட்டு வர்றேன்னு சொல்ல முடியுமா? லைசென்ஸ் வரட்டும். நானா வந்து, நானா நிறுத்தி, அந்தப் பெஞ்சில உக்காந்து திங்கறேன்."

இது விரதம். விரதத்தில் இருப்பவரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நான் மட்டும் தின்பது அழகாக இல்லை. வாசனையோடு திரும்பினேன். வரும்போது நான் ஓட்டினேன். போகும்போது அவர் ஓட்டுவார், வரும்போது கொழுந்தனாரோ யாரோ, பின்னால் உட்கார்ந்து வந்தவர் ஓட்டுவார் என்பது அந்த வீட்டு வழக்கம். பால் ஊற்றிவிட்டு வந்ததும் மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும், அவர் ஓட்டினால் தாமதமாகும் என்று ரம்யாவின் அப்பா ஏற்படுத்திய ஏற்பாடு.

மறுநாள் காலை தேங்காய் காயவைக்கும் களத்தைக் கூட்டிச் சுத்தம் செய்தோம். மரகதம் அம்மா கோலப்பொடி எடுத்து, களம் முழுவதும் பெரிய எட்டு ஒன்று வரைந்தார். மார்கழி மாதம், வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா எட்டிப் பார்த்து, இது என்ன கோலம், பூசணிப்பூ எங்கே வைப்பது என்று கேட்டார். டெஸ்ட் மைதானத்தில் எட்டைச் சுற்றிக் கம்பி நட்டிருப்பார்களாம். நாங்கள் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தோம். கம்பியைத் தட்டினாலும் தோல்வி, கால் ஊன்றினாலும் தோல்வி.

முதல் வட்டம் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் வண்டி ஆடியது, வலது கால் தரைக்கு வந்தது. மறுபடியும் அதே இடம், அதே கால். மத்தியானத்துக்குள் சிரட்டைகளில் பாதி நொறுங்கிவிட்டன. நொறுங்கியதை அடுப்புக்குப் பொறுக்கிக்கொண்டே, "வெறகுக்கு ஆச்சு" என்றார்.

காற்றுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எங்கள் ஊர்க்காரர்கள் வந்து பார்க்க வேண்டும். எங்கள் மார்கழியில் பனி பெய்யும், ஊர் போர்த்திக்கொண்டு தூங்கும். இங்கே மார்கழி வந்தால் கிழக்கிலிருந்து காற்று கிளம்பி, கொடியில் காயும் துணியைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறது. என் துப்பட்டா ஒன்றை அப்படித்தான் மாட்டுக்கொட்டகைக் கூரையில் கண்டெடுத்தோம். ஆனால் காற்று அடங்கிய விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தபோதும் அதே இடத்தில் அதே கால் வந்தது. பிறகு பயம் என்று முடிவு கட்டி, மூச்சை இழுத்து விடச் சொன்னேன். மூச்சு நன்றாக வந்தது. எட்டு வரவில்லை.

ஒவ்வொரு நாளும் அப்பா, இன்றைக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்பார். சமநிலை பற்றிப் படிக்கிறோம் என்பேன். இயற்பியல் மாணவி என்பதால் நம்பினார்.

உண்மை தெரிந்தது ஆடுகளால். ஒரு மாலை, பாலோடு போய்க்கொண்டிருந்தபோது கால்வாய்த் திருப்பத்தில் ஒரு மந்தை எதிரே வந்துவிட்டது. பாதை முழுக்க ஆடு. நான் ரம்யாவைப் போலவே கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது மந்தை எங்களுக்குப் பின்னால் இருந்தது. மரகதம் அம்மா ஆடுகளுக்கு நடுவில் நெளிந்து நெளிந்து, ஒரு முறைகூடக் கால் ஊன்றாமல் வெளியே வந்திருந்தார். எட்டுக்கு நாலு மடங்கு கடினமான வித்தை அது.

சொசைட்டியில் இறங்கியதும் கேட்டேன், பால் இல்லாமல் எப்போதாவது வண்டி ஓட்டியிருக்கிறீர்களா என்று. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"பாலில்லாம எதுக்குக் கண்ணு வண்டி எடுக்கறது? பெட்ரோலு தண்டம்."

அதுதான் சங்கதி. டிரைவிங் ஸ்கூலில் சுற்றிய நாலைந்து சுற்றைத் தவிர, அவர் ஸ்கூட்டர் ஓட்டியதெல்லாம் நிறைந்த கேனோடு மட்டுமே. போகும்போது அவர், வரும்போது மற்றவர். கீழே கேனின் கனம் வண்டியை இழுத்துப் பிடிக்கும் விதத்தைத்தான் அவர் உடம்பு பழகியிருந்தது. களத்திலும் டெஸ்டிலும் வெறும் வண்டி. சோதனைக்காக மறுநாள் காலை கேனில் தண்ணீர் நிரப்பி எட்டுக்குள் அனுப்பினோம். ஒரு சிரட்டைகூட அசையவில்லை. ரம்யா கைதட்டினாள். எனக்கு இயற்பியலின் மேல் திடீரென்று பாசம் வந்தது.

பாசம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. டெஸ்டுக்குக் கேனோடு போகலாமா என்று டிரைவிங் ஸ்கூல்காரரிடம் போனில் கேட்டாள் ரம்யா. அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு களம் வரை கேட்டது.

வழி சொன்னது மரகதம் அம்மாதான். கன்றுக்குத் தாய்ப்பாலை ஒரே நாளில் நிறுத்த மாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறக்கவைப்பார்கள். இந்தக் கால்களுக்கும் அப்படித்தான் என்றார். தினமும் கேனிலிருந்து கொஞ்சம் தண்ணீரை இறைத்துவிட்டு எட்டுப் போட்டோம். முக்கால் கேன், அரைக் கேன், கால் கேன். இடையில் ஒரு நாள் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றித் தந்தார். எங்கள் ஊர் இடியாப்பம் இதற்குத் தங்கை முறை என்று சொன்னேன், அக்கா முறை என்று திருத்தினார் ரம்யாவின் அப்பா. அவர் களத்துப் பக்கம் வருவதில்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் காலையில் நாங்கள் போவதற்கு முன்பே, உடைந்த சிரட்டைகளுக்குப் பதிலாகப் புதிய சிரட்டைகள் வந்து உட்கார்ந்திருந்தன.

டெஸ்டுக்கு முந்தைய நாள் வெறும் கேனோடும் எட்டு வந்துவிட்டது. கேனை எடுத்துக் கீழே வைத்தோம். அவர் ஏறினார். முதல் வட்டம் சரி. இரண்டாவதில் வலது கால் தரையில் இருந்தது. மீண்டும் ஓட்டினார், மீண்டும் ஊன்றினார். கனம் போனதைத் தாங்கிக்கொண்ட கால்களுக்கு, நடுவில் அணைத்துக்கொள்ள ஒன்றும் இல்லாததைத் தாங்க முடியவில்லை. நான் ஈர்ப்பு மையம் என்று ஏதோ ஆரம்பித்தேன். ரம்யா என் வாயைப் பொத்தினாள்.

மரகதம் அம்மா வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, சீட்டில் படிந்திருந்த கோலப்பொடியை முந்தானையால் துடைத்தார்.

"வண்டி போனாப் போகுது கண்ணு. ஒரு வாட்டி அந்தக் கடையில எறங்கி உக்காந்திருக்கலாம்."

 வந்த நாளிலிருந்து அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததே இல்லை. இந்த வண்டி, நான் முகம்கூடப் பார்க்காத அந்தத் தம்பி மகனிடம் போய்ச் சேர்வதை நினைத்தால் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலை நால்வரும் டெம்போவில் ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் மைதானத்துக்குப் போனோம். இளநீர் லோடை ரம்யாவின் அப்பா அன்றைக்கு விட்டுவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மைதானம் முழுக்க வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண் மலையாளத்தில் தோழியிடம், "நேற்று ராத்திரி கனவில்கூட எட்டுத்தான் போட்டேன், அதிலும் தோற்றுவிட்டேன்" என்றாள். காற்று வேறு புழுதியை வாரிக்கொண்டு சுற்றியது.

மரகதம் அம்மாவின் முறை வந்தது. சேலை முந்தானையை இறுக்கிச் செருகி, ஹெல்மெட்டை மாட்டி ஏறினார். இரண்டு பாதங்களையும் கால் பலகையின் இரண்டு ஓரங்களில் வைத்தார். முழங்கால்கள் விலகி, நடுவில் கேன் அளவுக்கு இடம் விட்டிருந்தது. அதிகாரிக்கு அந்த உட்காரும் விதம் விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். கிட்டே வந்து மலையாளத்தில், "ஏன் காலை இப்படி ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள்? நடுவில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

மரகதம் அம்மா நேரே முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாலு இருக்குதுங்க சார்."

அதிகாரி வெறும் பலகையைப் பார்த்தார். மரகதம் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "சரி, சிந்தாமல் போய்விட்டு வாருங்கள்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. முதல் வட்டம் முடிந்தது. இரண்டாவது வட்டத்தில், எப்போதும் கால் இறங்கும் அந்த இடத்தில், பக்கவாட்டில் காற்று அடித்தது. வலது குதிகால் பலகையை விட்டு எழுந்தது. ரம்யா என் கையைக் கிள்ளினாள். பிறகு முழங்கால்கள் இரண்டும், இல்லாத கேனை அணைத்துக்கொள்வதுபோல லேசாக உள்ளே வந்தன. குதிகால் திரும்பப் பலகையில் உட்கார்ந்தது. வண்டி கம்பிகளுக்கு நடுவில் வளைந்து, ஒன்றையும் தொடாமல் வெளியே வந்து நின்றது. அதன் பிறகு ரோட்டில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அதெல்லாம் ஆட்டு மந்தையைப் பார்த்தவருக்கு ஒரு பொருட்டா?

திரும்பி வரும்போது ரம்யாவின் அப்பா வழியில் டெம்போவை நிறுத்தி எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். தம்பி மகனுக்குப் போன் போட்டு, சீட்டு உறையை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போ என்றார். என்ன நிறம் என்று மரகதம் அம்மா கேட்டார். சிவப்பு என்றதும், பரவாயில்லை, அழுக்குத் தெரியாது என்றார்.

லைசென்ஸ் ரம்யாவின் போனுக்கு வந்து சேர்ந்தது நான் கிளம்புவதற்கு முந்தைய நாள். அன்றைக்கும் அப்பா கூப்பிட்டு, முகாம் முடிந்ததா, சர்டிபிகேட் வந்ததா என்று கேட்டார்.

"வந்துருச்சுப்பா. ஆனா போட்டோ வேற ஒருத்தரோடது" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.  உங்கம்மாவும் ரொம்ப நாளாக ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள், அடுத்த லீவுக்கு வேறு எங்கும் முகாம் போட்டுவிடாதே என்றார் அப்பா.

அன்று மாலை வழக்கம்போல நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஸ்கூட்டர் இல்லை. கேனும் இல்லை. என்னைக் கூப்பிடவே இல்லை. சொல்லாமல் விட்டுவிட்டுப் போன கோபம் ஒரு நிமிஷம் வந்தது, அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்துவிட்டது. பின் இருக்கைக்கு இனி என்ன வேலை?

வழக்கமாகத் திரும்பும் நேரம் தாண்டியது. மாடுகள் தீனிக்குக் கத்தத் தொடங்கின. ரம்யாவின் அப்பா தென்னை மட்டையை எடுத்துப் போடுகிற சாக்கில் மூன்று தடவை ரோட்டுக்குப் போய்வந்தார். கடைசியில் கால்வாய்ப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. மரகதம் அம்மா வந்து இறங்கினார். காலிக் கேனுக்கு மேல், எண்ணெய் ஊறிய பேப்பர்ப் பொட்டலம் ஒன்று இருந்தது.

"ஏன் இத்தன நேரம்?" என்றார் ரம்யாவின் அப்பா.

"டீ குடிச்சுட்டு வந்தனுங்."

அவர் வேறொன்றும் கேட்காமல் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பழம்பொரியை எடுத்துக் கடித்தார். எனக்கும் ரம்யாவுக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. நன்றாக ஆறிப்போயிருந்தது. சூடாக இருந்தபோது ஒன்றை, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, அவசரப்படாமல் முழுசாகத் தின்று முடித்துவிட்டுத்தான் எங்களுக்குக் கட்டச் சொன்னாராம் மரகதம் அம்மா.